பாதி மரத்தில் நின்ற மூச்சு

கவியரசனுக்கு முதலில் சந்தேகம் வந்தது மூங்கிலின் மேல்தான்.

கொல்லிமலையில் மிளகு பறிக்கிறவர்களின் ஏணி ஒற்றை மூங்கில். பக்கக் கிளைகளைக் கணுவோடு ஒரு சாண் விட்டு நறுக்கினால் அதுவே படி. சில்வர் ஓக் மரத்தில் அதைச் சாத்திக் கட்டி, தோளில் சாக்குப் பையை மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். இரண்டு கையும் கொடியில் வேலை செய்யும்போது தொடைகள்தான் மூங்கிலைக் கவ்வி ஆளைத் தாங்கும். அங்கே இங்கே இடிபடுவது சகஜம். அதை யாரும் வெளியே சொல்லிக்கொண்டிருப்பதில்லை. அதனால் பறிப்புப் பருவம் முடிந்து பல மாதம் ஆகியும் வலது விதை வீங்கியே இருந்தபோது, மூங்கில் இடித்த வீக்கம் மெல்ல வடிந்துவிடும் என்று அவன் இருந்துவிட்டான். வலி இல்லாதது அவனுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

மலையின் பல 'நாடு'களில் ஒன்றான எடப்புளி நாட்டில் அவனுடைய ஊர் பத்துப் பதினைந்து வீடுகள் சிதறிக் கிடக்கும் ஒரு சரிவு. அங்கிருந்து கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். நாமக்கல்லில் தாவரவியல் படித்தான். வேலை தேடிக் கொஞ்ச காலம் அலைந்தான். அப்பா இறந்த பிறகு, நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று திரும்பி வந்தான். வந்ததற்காக அவன் வருத்தப்பட்டதில்லை. ஆனால் தான் படித்ததெல்லாம் எங்கே போயிற்று என்ற கேள்வி மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். வீக்கம் கல் மாதிரி இறுகிய அன்றும் அந்தக் கேள்வி வந்தது. கல்லூரியில் இதைப் பற்றி ஒரு வரியாவது படித்திருப்போமே, ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று யோசித்தபடியே மனைவி கலைச்செல்வியிடம் போய்ச் சொன்னான்.

அவள் திட்டவில்லை, அழவுமில்லை. மூன்று வயது மகளைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அவனைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். அடிவாரத்துக் காரவள்ளி வந்து சேரும்வரை இருவரும் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் அது விதைப்பைப் புற்றுநோய் என்றார்கள். இளம் வயது ஆண்களுக்கு வருவதுதான் என்றும், மூங்கிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்கள். அந்த ஒரு விதையை எடுத்தார்கள். கட்டியின் துணுக்குகள் வயிற்றுக்குள் நெறிக்கட்டிகள் வரை போயிருந்ததால் மருந்தும் ஏற்ற வேண்டும் என்று முடிவாயிற்று.

பார்க்க வந்த பூபதி, கலைச்செல்வியின் அண்ணன், கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் பல வருடமாக ஜோடியாக மரமேறுகிறவர்கள். என்ன பேசுவது என்று தெரியாதபோது பூபதிக்குக் கேலிதான் வரும்.

"விடு மாப்ள. நம்ம கெணத்து மோட்டாருக்கு ஒத்த சிலிண்டருதான். அது தண்ணி எறைக்கலையா?"

கவியரசன் சிரிக்கப் போய்த் தையல் இழுத்து, சிரிப்பும் வலியுமாகக் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினார்.

மருந்தைப் பற்றி விளக்கியது டாக்டர் அனுராதா. கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல், நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுகிறவர். மூன்று மருந்துகள் சேர்ந்து ஒரு சுற்று; அப்படி மூன்று சுற்று. இரண்டு மருந்துகளைச் சுற்றின் தொடக்க நாட்களில் மணிக்கணக்கில் ஏற்றுவார்கள். மூன்றாவது மருந்து வாரத்துக்கு ஒரு முறை போடுவது. அதன் பெயர் ப்ளியோமைசின். மற்ற மருந்துகளைப் போல ரத்த அணுக்களை அவ்வளவாகக் குறைக்காது, அதனால் அவற்றோடு சேர்த்துக் கொடுக்கத் தோதானது என்றார். இந்த நோய் முழுக்கக் குணமானவர்கள் ஏராளம் என்றும் சொன்னார். பெயரின் கடைசியில் இருந்த 'மைசின்' கவியரசனின் காதில் தட்டியது.

"அது ஆன்டிபயாடிக் இல்லீங்களா, மேடம்?"

அவர் முகத்தில் ஒரு சின்ன ஆர்வம் வந்தது. அந்தக் குடும்பம்தான் என்றார். ஜப்பானில் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது. கிருமிக்கு மருந்து தேடப் போய்க் கிடைத்த பொருள். ஆனால் அது செல்லின் மரபிழையையே துண்டு துண்டாக நறுக்குகிறது என்று தெரிந்ததும் புற்றுநோய்க்கு எடுத்துக்கொண்டார்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் இதைக் கொடுப்பதில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தாமலே அடுத்ததையும் சொன்னார். இந்த மருந்தின் கெட்ட குணம் நுரையீரலில் தங்குவது. உடம்பின் மற்ற இடங்களில் இதை உடைத்துப் போடுகிற ஒரு பொருள் இருக்கிறது. நுரையீரலிலும் தோலிலும் அது குறைவு. சிலருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் நிறுத்திவிடலாம். முற்றிவிட்டால் திரும்பாது. அதனால் வறட்டு இருமல், மூச்சு வாங்கல் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் இதைக் கேட்போம், இருக்கிறது என்று சொன்னால் நெஞ்சைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவோம் என்றார். பீடி உண்டா என்று கேட்டார். இல்லை. குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்து வைத்தார்கள். அந்த அளவு நன்றாக இருந்தது. மலைக்காரர் நெஞ்சு என்று சோதனை செய்தவர் பாராட்டினார்.

கவியரசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். ஆனால் அவன் மனசில் ஆணி மாதிரி இறங்கியது ஒரே வார்த்தை. நிறுத்திவிடலாம்.

முதல் சுற்றில் வாந்தியும் சோர்வும் எல்லோரும் சொன்னபடியே வந்தன. தலைமுடி தலையணையில் ஒட்டிக்கொண்டு உதிர்ந்தது. ப்ளியோமைசின் போட்ட மாலைகளில் உடம்பு தூக்கிப் போட்டுக் காய்ச்சல் அடிக்கும், காலையில் விட்டுவிடும். அவன் முதுகில் கருங்கோடுகள் விழுந்திருப்பதைக் கலைச்செல்விதான் முதலில் பார்த்தாள். சாட்டையால் அடித்தது போல நீளநீளமாகக் கிடந்தன. அதுவும் இந்த மருந்தின் வேலைதான், பயப்பட வேண்டாம் என்றார்கள். அவள் ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, யாரிட்ட கணக்கோ இது, உங்களை அடிக்கக் கடவுளுக்கு வேற ஆளே கிடைக்கலையா என்று முணுமுணுத்தாள்.

இரண்டாவது சுற்று முடிகிற நேரத்தில் ரத்தப் பரிசோதனையில் கட்டியின் தடயம் குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் திருப்தியாகத் தலையசைத்தார். அன்று கவியரசனுக்கு உள்ளுக்குள் ஒரு வைராக்கியம் பிறந்தது. என்ன வந்தாலும் சரி, மூன்று சுற்றையும் ஒரு ஊசி குறையாமல் முடித்துவிட வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க வேண்டும். அவள் படித்து வெளியே போய் எது வேண்டுமானாலும் ஆகட்டும். அவள் போகிறபோது வாசலில் தான் நிற்க வேண்டும்.

இருமல் வந்தது தை மாதத்தில். பனிக்கு மலையில் எல்லோருமே இருமுவார்கள். மிளகையும் துளசியையும் கொதிக்க வைத்துக் குடித்தான். கொஞ்சம் அடங்கியது போல இருந்தது. ஆஸ்பத்திரியில் வழக்கமான கேள்வி வந்தபோது, பனி இருமல், மூன்று நாளாக இல்லை என்றான். அது பொய்யில்லை. மூச்சு வாங்குகிறதா என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க."

அதுவும் பொய்யில்லை என்றுதான் அப்போது நினைத்தான். அவன் இருந்தது சமதரை. வாசலில் இறங்கினால் வழவழவென்ற தரை, மேலே போக லிஃப்ட், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நாலைந்து தப்படி. அங்கே யாருக்குத்தான் மூச்சு வாங்கும்? மலையில் பிறந்தவனுக்கு மூச்சு என்பது ஏறும்போது மட்டுமே நினைவுக்கு வருகிற பொருள். ஊரில் தட்டையான தரையில் நிற்பவனிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டால் சொல்லத் தெரிவதும் இல்லை.

ஊசி போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு மேடு ஏற வேண்டும். சிறு வயதில் விறகுச் சுமையோடு ஓடி ஏறிய மேடு. பாதியில் நின்றான். கலைச்செல்வி திரும்பிப் பார்த்தாள். மருந்தின் சோர்வு என்றான். அவளும் ஒத்துக்கொண்டு பையை வாங்கிக்கொண்டாள். மருந்து ஏற்றுகிற எல்லோருக்கும் சோர்வு உண்டுதானே? ஆனால் காலுக்கு வருகிற சோர்வு வேறு, நெஞ்சுக்கு வருகிறது வேறு. அந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஊசிக்கு முன்னால் ஒரு சந்தை நாள். கலைச்செல்வி மகளோடு செம்மேட்டுக்குப் போயிருந்தாள். மேல்காட்டில் பூபதி மிளகு பறித்துக்கொண்டிருந்தான். கனமான வேலை கூடாது என்று சொல்லியிருந்தார்கள் என்பது கவியரசனுக்கு நினைவிருந்தது. ஆனாலும் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று இரண்டில் ஒன்று தெரிந்துவிட வேண்டும் போல இருந்தது. பூபதிக்குத் தெரியாமல், சற்றுத் தள்ளி நின்ற ஒரு மரத்தில் சாத்தியிருந்த மூங்கிலில் கால் வைத்தான்.

மிளகு பறிக்கிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. கொடி அடர்ந்த மரத்தில் ஏறிவிட்டால் ஆளை ஆள் பார்க்க முடியாது. அதனால் பக்கத்து மரங்களில் இருப்பவர்கள் அவ்வப்போது குரல் கொடுத்துக்கொள்வார்கள். இவன் 'ஓ' என்றால் அவன் 'ஓ' என்று திருப்ப வேண்டும். குரல் திரும்பாவிட்டால் ஆள் விழுந்துவிட்டான் என்று அர்த்தம். பையில் மிளகு நிறைந்திருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓட வேண்டும்.

கவியரசன் ஏறியதில் இலைகள் சலசலத்ததைக் கேட்டு, தன்னோடு கூலிக்கு வந்த ஆள்தான் என்று எண்ணிப் பூபதி குரல் கொடுத்தான்.

"ஓ..."

கவியரசன் பாதி மரத்தில் இருந்தான். ஒரு காலத்தில் இந்த உயரத்தில் நின்று பாட்டே பாடுவான். பதில் கொடுக்க வாயைத் திறந்தான். காற்று இல்லை. இழுக்க இழுக்க நெஞ்சின் மேல்பாதிக்கு மட்டுமே காற்று போயிற்று. கீழே யாரோ கதவைச் சாத்தியது போல இருந்தது. பின்னாலேயே வறட்டு இருமல் கிளம்பியது. மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நெற்றியை மரத்தில் வைத்தான். பூபதி மறுபடியும் குரல் கொடுத்தான். மூன்றாவது குரல் பாதியில் நின்றது. அதன் பிறகு இலைகளை மிதித்துக்கொண்டு ஓடி வருகிற சத்தம் கேட்டது.

மெல்ல மெல்ல இறங்க வைத்து, மரத்தடியில் சாய்த்து உட்கார வைத்த பிறகுதான் பூபதிக்குக் கோபம் வந்தது.

"சாகறதுக்கு என்ற காடுதான் கெடச்சுதா? எத்தன நாளா இப்பிடி?"

கவியரசன் மூச்சு சேர்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னான். மூன்றாவது சுற்று ஆரம்பிக்கப் போகிறது. இன்னும் சில ஊசிகள்தான். மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் அந்த மருந்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் வைத்தியம் முழுசாகாது. முழுசாகாவிட்டால் அது திரும்பி வரும். முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் பிறகு நெஞ்சைத் தேற்றிக்கொள்ளலாம்.

"திரும்பி வரும்னு டாக்டரு சொன்னாங்களா?"

"இல்ல."

"பின்ன யாரு சொன்னா?"

 யாரும் சொல்லியிருக்கவில்லை. அவனே தனக்குச் சொல்லிக்கொண்டதுதான். போனில் எதை எதையோ தேடிப் படித்தவன், எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்த டாக்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்டால் தனக்குப் பிடிக்காத பதில் வந்துவிடும் என்ற பயமா? அல்லது கேள்வியிலிருந்தே அவர் கண்டுபிடித்துவிடுவார் என்றா?

பூபதிக்கு ஒரு முடிவுதான் தெரிந்தது. ஊசி எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். உயிரை எடுக்கிற மருந்து எதற்கு? பெரக்கரை நாட்டில் வேர் கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார், பலருக்குக் குணமாகியிருக்கிறது, நாளைக்கே போகலாம் என்றான். தங்கச்சியிடம் தானே சொல்லிவிடுவதாகவும் மிரட்டினான்.

"வேருக்கெல்லாம் போகல மச்சான்," என்றான் கவியரசன். "என்ற ரத்தத்துல அது கொறஞ்சத நானே பார்த்தேன். ஊசிதான் கொறச்சுது. அத உட மாட்டேன். ஆனா இனி மறைக்கவும் மாட்டேன். நீ சொல்ல வேண்டாம், நானே சொல்லறேன்."

சந்தையிலிருந்து திரும்பிய கலைச்செல்வியிடம் பொழுது சாய்வதற்குள் சொல்லிவிட்டான். மேட்டில் நின்றதையும் மரம் ஏறியதையும் ஆஸ்பத்திரியில் இல்லை என்றதையும், எதையும் விடவில்லை. அவள் வாங்கி வந்த தக்காளியைக் கூடையில் கொட்டிக்கொண்டே கேட்டாள். கொட்டி முடித்த பிறகு, ஊசி நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போகலாம் என்றாள். கூடவே இன்னொன்றையும் சொன்னாள்.

"ஏனுங்க, உங்களுக்கு மட்டும் வந்த நோவுன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கும் புள்ளைக்கும் சேத்துத்தான் வந்துருக்குது. அடுத்த தடவ எங்ககிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டு மறைங்க."

டாக்டர் அனுராதா அன்று புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவியரசன் மூச்சு வாங்குகிறது என்று பொதுவாகச் சொல்லாமல் அளந்து சொன்னான். வீட்டு மேட்டில் பாதி. சில்வர் ஓக்கில் பாதி. போன பருவத்தில் அதே மரத்தின் உச்சி வரை போய்ப் பை நிறைய மிளகோடு இறங்கியவன். போன முறை ஊசி போட்டுக்கொண்ட அன்றே மேட்டில் நின்றான். முன்னாலேயே இருந்திருக்கும், சமதரையில் தெரியவில்லை.

அவர் அவனைத் திரும்பி உட்காரச் சொன்னார். பிறகு முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, ஒவ்வொரு இடமாக நகர்த்தி, அடிப்பக்கத்தில் மட்டும் நீண்ட நேரம் கேட்டார். மறுபடி குழாயில் ஊதச் சொன்னார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஆரம்பத்தில் பாராட்டிய அதே ஆள் இந்த முறை ஒன்றும் சொல்லாமல் தாளைக் கொடுத்தார். நுரையீரலின் அடிப்பகுதியில் வலை போலத் தழும்பு தொடங்கியிருந்தது. காற்று உள்ளே போனாலும் ரத்தத்தில் கலப்பது முன்பைவிட நன்றாகக் குறைந்திருந்தது.

"ப்ளியோமைசின் இனிமேல் உங்களுக்குக் கிடையாது," என்றார் டாக்டர். "இனி ஒரு ஊசிகூட."

கவியரசன் கைகளைக் கோத்துக்கொண்டான். பல வாரமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டான்.

"அப்ப வைத்தியம் பாதியில நின்னுருமாங்க? அது திரும்பி வந்துருமா?"

நிற்காது என்றார். மேற்கொண்டு என்ன செய்வது என்பது நோய் எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அவனுடையது நல்ல பிரிவில் சேர்ந்தது, ரத்தமும் நன்றாகப் பதில் சொல்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ப்ளியோமைசின் இல்லாமலும் வழி உண்டு. மற்ற இரண்டு மருந்துகளையும் கூடுதலாக ஒரு சுற்று கொடுப்பார்கள். அதாவது மூன்றில் முடிய வேண்டியது நான்காகும். சும்மா இல்லை, வாந்தி இன்னும் ஒரு சுற்று, காதில் இரைச்சல் வரலாம், விரல் நுனி மரத்துப் போகலாம். நூறு சதம் என்று எந்த வைத்தியத்துக்கும் எழுதித் தர முடியாது. ஆனால் இறுகிய நுரையீரலோடு குணமாகி என்ன செய்வது? இப்போதே நிறுத்தியதால் தழும்பு இதற்கு மேல் பரவாமல் நிற்க, கொஞ்சம் தெளியவும்கூட வாய்ப்பு இருக்கிறது. அதற்கு மாத்திரை தருவதாகச் சொன்னார்.

விரல் நுனி என்றதும் கலைச்செல்வி அவன் கையைப் பார்த்தாள். மிளகுக் கொத்தைக் கண்ணால் பறிப்பதில்லை, விரல் நுனியால்தான். கவியரசனும் தன் கையைப் பார்த்தான்.

"குடுங்க," என்றான். "நாலு சுத்துன்னா நாலு சுத்து."

டாக்டர் இன்னும் சிலவற்றைச் சொன்னார். இனி வாழ்நாளில் எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும்கூட, மயக்க மருந்து கொடுக்கிறவரிடம் இந்த ஊசியின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். ஆக்சிஜனைத் தேவைக்கு மேல் கொடுத்தால் இந்த நுரையீரல் கெட்டுப் போகக்கூடும். உயிர் காக்க வைப்பதே உயிரைக் கெடுக்குமா என்று கலைச்செல்வி கேட்டாள். இந்த மருந்து வாங்கியவர்களுக்கு அப்படியும் நடக்கும் என்றார். புகை கூடாது. கலைச்செல்வி யோசித்து, அடுப்புப் புகையும் சேர்த்தியா என்றாள். அதுவும்தான். அந்த வாரமே அவள் விறகடுப்பை வெளியே, காற்று கீழ்ப்பக்கமாக வீசுகிற மூலைக்கு மாற்றினாள். பூபதிதான் தகரக் கூரை போட்டுக் கொடுத்தான். வேர் வைத்தியரைப் பற்றி அவன் மறுபடி பேசவில்லை. ஆனால் தகரத்தில் ஆணி அடித்த அடியில் அவனுடைய அபிப்பிராயம் தெரிந்தது.

கிளம்பும்போது டாக்டர் அனுராதா, இனி மலையிலிருந்து வருகிறவர்களிடம் தன் கேள்வியை மாற்றிக் கேட்கப் போவதாகச் சொன்னார். மூச்சு வாங்குகிறதா என்றல்ல. வீட்டுக்குப் போகிற வழியில் எங்கே நின்றீர்கள் என்று. கவியரசனுக்கு அது சரியாகப் பட்டது. ஆனால் கேள்வி மாறினால் மட்டும் போதுமா? பதில் சொல்கிறவனும் மாற வேண்டாமா? பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தான்.

மூன்றாவது சுற்று இரண்டு மருந்துகளோடு நடந்தது. அது அவனைத் துவைத்துப் போட்டது. காதில் வண்டு புகுந்தது போல இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. அதையும் அன்றே சொன்னான். ஒரு நாள் வார்டுக்குப் படியேறிப் பார்த்து, முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டான். பூபதி அந்தப் பருவம் வேறு ஆளோடு ஜோடி சேர்ந்து பறித்தான். கவியரசன் களத்தில் உட்கார்ந்து மிளகிலிருந்து காம்பு பிரித்தான்.

கூடுதல் சுற்றுக்குப் போன அன்று லிஃப்ட் வாசலில் கூட்டமாக இருந்தது. மருந்தேற்றும் வார்டு மூன்றாவது மாடி. கவியரசன் பையைக் கலைச்செல்வியிடம் கொடுத்துவிட்டு, நீ இதில் வா என்று சொல்லிப் படிக்கட்டின் பக்கம் திரும்பினான். அவள் விடவில்லை, லிஃப்டையும் விட்டுவிட்டு இரண்டு படி பின்னால் அவனைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். அவன் அவசரப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சும் எதுவரை இறங்குகிறது என்று கவனித்துக்கொண்டு ஏறினான். இரண்டாவது மாடி வளைவில் நின்றான். இருமல் வரவில்லை.  இருவரும் அங்கேயே நின்று, ஜன்னலுக்குக் கீழே ஆம்புலன்ஸ் பின்வாங்கி நிற்பதைப் பார்த்தார்கள். பிறகு மீதிப் படிகள்.

டாக்டர் அனுராதா வார்டுக்குள் வந்து எதையும் கேட்பதற்கு முன்னாலேயே கவியரசன் சொன்னான்.

"ரெண்டாவது மாடி வளைவுல நின்னேனுங்க. போன தடவ மொத மாடியிலயே உக்காந்துட்டேன். நிக்காம முழுசா ஏற முடியல. அதயும் சொல்லீர்றேனுங்க, எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார். நர்ஸ் வந்து மருந்துப் பாட்டில்களைக் கம்பியில் மாட்டினாள். முதல் இரண்டு சுற்றுகளில் மூன்றாவது மருந்து தொங்கிய கொக்கி காலியாக இருந்தது. கவியரசன் அதைப் பார்த்தான். அதில் என்ன குறைகிறது என்று இப்போது அவனுக்குத் தெரியும். எதற்காகக் குறைகிறது என்பதும் தெரியும். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றி, நரம்பு தேட வந்த நர்ஸின் பக்கம் கையை நீட்டினான்.